இங்கிலாந்தில் விடியும் வரை

கூப்பிட்டவர் குருசாமி மாமா. எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் இந்நேரம் பக்கத்து நாற்காலி வெய் ஜியேயைப் போல மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருப்பேன். பரீட்சை முடிந்துவிட்டது. கடைசிப் பரீட்சை, சிவில் என்ஜினியரிங் இதோடு சரி. ஆனால் வெளியே விட மாட்டார்கள். நாங்கள் எழுதிய அதே கேள்வித்தாளை இங்கிலாந்தில் இருக்கும் தலைமை வளாகத்துப் பிள்ளைகள் இன்னும் எழுதவில்லை. அங்கே இப்போதுதான் பொழுது விடிந்து பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் குளித்து, தின்று, மழையில் நனைந்து வந்து உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திருப்பும் வரை, மலேசியாவின் ஜொகூரில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே கட்டிய இந்தக் கிளை வளாகத்தில் நாங்கள் காவலில் இருக்க வேண்டும். போன் கிடையாது. வெளியே போகக் கூடாது. கழிப்பறைக்குப் போனால்கூட வாசல் வரை ஒரு ஆள் வருவார். எங்கள் வாயிலிருந்து ஒரு கேள்வி கசிந்துவிட்டால் கடல் தாண்டிப் போய்விடுமாம். ஆளுக்கு ஒரு சாண்ட்விச்சும் ஒரு டப்பா ஆரஞ்சு ஜூஸும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றின் கீழே இந்த ஊரின் பெயரும் இன்னொன்றின் கீழே நான் பார்த்தேயிராத அந்த இங்கிலாந்து ஊரின் பெயரும் ஒட்டியிருக்கிறது. அந்த ஊரின் பெயர்தான் என் டீ-ஷர்ட்டிலும் இருக்கிறது, நாளைக்குச் சான்றிதழிலும் இருக்கும். அருப்புக்கோட்டையில் யாராவது கேட்டால் அம்மா, பொன்ராஜ் இங்கிலாந்துப் படிப்புப் படிக்கிறான் என்பாள். எங்கே என்றால் மலேசியாவில் என்பாள். கேட்டவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியா என்று போய்விடுவார். மூன்றாவதாக ஒரு கடிகாரம் என் மண்டைக்குள் மட்டும் ஓடுகிறது. அதில் அருப்புக்கோட்டை மணி. அங்கே இப்போது மத்தியானம். அம்மா சோறு வடித்திருப்பாள். வடித்திருக்க வேண்டும்.

போன்கள் முன்மேசையில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு ஜிப் பையில், நம்பர் ஒட்டி. மூலை உடைந்தது என்னுடையது. இங்கிருந்தே தெரிகிறது. எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம், எடுத்தால் இந்தப் பேப்பர் செல்லாது. அதை விடு. எடுத்திருக்க வேண்டிய நேரத்தில் எடுத்தாயா? பரீட்சைக் கூடத்து வாசலில் வரிசையில் நின்றபோது போன் கைக்குள் அதிர்ந்தது. பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. திரையில் குருசாமி மாமா என்று எழுத்து. அந்தப் பெயரை என்றைக்கோ நான்தான் போட்டு வைத்தேன், அது ஒரு தடவைகூட அந்தத் திரையில் வந்ததில்லை. எனக்கு முன்னால் இன்னும் சிலர் நின்றார்கள். திருப்பிக் கூப்பிட நேரம் இருந்தது. ஹலோ மாமா, என்ன மாமா, அவ்வளவுதான். கட்டைவிரல் அந்தப் பெயருக்கு மேலேயே நின்றது. பிறகு பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். அழுத்தியது விரல்தான், நான் இல்லை என்று சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே சிரிப்பு வருகிறது. சிரிப்பு இல்லை இது.  அப்படி அழுத்திவிட்டு உள்ளே போய் அத்தனை கேள்விக்கும் பதில் எழுதினேன். உத்தரத்தின் மேல் எடை வைத்து, எங்கே வளையும் எங்கே முறியும் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். கை நடுங்கவில்லை. அப்பா பிள்ளை.

அப்பாவுக்கும் எதுவும் நடுங்காது. தவமணி எஸ்.டி.டி. பூத் என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போர்டு இருந்த காலம் எனக்கு நிழலாகத்தான் தெரியும், இப்போது அதே இடத்தில் அப்பாவின் ஜெராக்ஸ் கடை. ஆனால் கதை முழுக்கத் தெரியும், அம்மா சொல்லிச் சொல்லி. வீட்டில் சாவு விழுந்தால் பம்பாயிலும் சவுதியிலும் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஜனங்கள் அங்கேதான் ஓடி வருவார்களாம். நம்பரைப் போட்டுக் கொடுத்ததும் வந்தவருக்கு வாய் எழும்பாது. ரிசீவரை அப்பா கையில் திணித்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார். அப்பா பேசுவார். பூத் போய், கைக்குக் கை செல்போன் வந்த பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை. தெருவில் யார் கண்ணை மூடினாலும், தவமணியைப் பேசச் சொல்லுங்கப்பா என்று ஆள் வந்துவிடும். அதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே கேட்டிருக்கிறேன். எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். "சாப்பிட்டியா தம்பி?" அந்தப் பக்கம் இல்லை என்று வந்தால், "மொதல்ல சாப்பிடு. சாப்பிட்டுட்டு இதே நம்பருக்குக் கூப்பிடு" என்று வைத்துவிடுவார். சாப்பிட்டேன் என்றால்தான் அடுத்தது. "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல. கெளம்பி வா." ஒரு நாள் அம்மா, செத்த வீட்டுச் செய்திக்கு இதென்ன விருந்து விசாரிப்பு என்று சண்டை பிடித்தாள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சேதி கேட்டவன் ஊர் வந்து சேர்ற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டான். வயித்துல ஏதாச்சும் கெடந்தாத்தான் வந்து சேருவான்" என்றார். எங்களிடம் அவர் அதைக் கேட்டதே இல்லை. சாப்பிட்டாயா என்பது எங்கள் வீட்டில் அம்மாவின் கேள்வி. போனில் அப்பா என்னிடம் கேட்பது படிப்பு, அட்டெண்டன்ஸ், இங்கே மழையா வெயிலா, அவ்வளவுதான். பின்னாலிருந்து அம்மா போனைப் பிடுங்கி, தின்னயாடா, என்னத்தத் தின்ன என்பாள். சீரியஸ் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். செத்தாயிற்று, ஐஸ் பெட்டி வந்தாயிற்று, நீ வந்தால் எடுக்கலாம் என்று அர்த்தம். குருசாமி மாமாவுக்கு மட்டும்தான் அது தெரியாமல் போய்விட்டது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. சூரத்தில் மில் வேலை. தாத்தா, அதாவது மாமாவின் அப்பா, தூக்கத்திலேயே போனபோது சூரத்துக்குப் பேசியது அப்பாதான். சாப்பிட்டியா மாப்ள, மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, கெளம்பி வா. சின்ன வயதிலேயே வடக்கே போய்விட்ட மனுஷன், அதை அப்படியே நம்பிவிட்டார். சீரியஸ் என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் ஒரு வாரமாவது இருக்க வேண்டும் என்று முதலாளியைப் பார்த்து லீவு சொல்லி, துணிமணி துவைத்து எடுத்து, கிடைத்த முதல் வண்டியை விட்டுவிட்டு வசதியான வண்டியாகப் பார்த்து ஏறி வந்தார். நல்ல கோடை. இதோ வந்துவிடுவான் என்று வைத்திருந்து பார்த்தார்கள், முடியவில்லை. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்துவிட்டு வந்து தலை முழுகி நிற்கும்போது மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். நான் ஸ்கூல் யூனிபார்மில் வாசலில் நின்றேன். "எந்த ஆஸ்பத்திரிடா?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டார். நான் உள்ளே கையைக் காட்டினேன். உள்ளே போனவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கத்தினார். "செத்தத செத்துப்போச்சுன்னு சொல்ல ஒனக்கு வாய் இல்லையாய்யா? ஒரே மகன்யா நான்!" அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.  "இனிமே ஒன் வீட்டு வாசல மிதிச்சேன்னா அது சாவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மாமா பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். உடைக்கக்கூட இல்லை, பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள். இன்னும் பிரிக்காமல் அங்கேதான் இருக்கிறது. அக்காள் தம்பி பேச்சு அதோடு நின்றது. என் அக்காள் கல்யாணத்துக்குக் கூட மாமா வரவில்லை, மேடையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமா மாலையோடு விழித்துக்கொண்டு நின்றார்.

சாவுக்குத்தான் என்று சொன்ன மனுஷன் கூப்பிட்டிருக்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது, இருக்கிறது. கை பட்டு அழுத்தியிருக்கலாம். அவருடைய பிள்ளைகள் போனை வைத்து விளையாடியிருக்கலாம். என் நம்பரே அவரிடம் இருக்க வாய்ப்பில்லை, இது மலேசியா நம்பர், யாரோ கொடுத்திருக்க வேண்டும். யார் கொடுத்தது? வீட்டில் யாரோ. ஏன் கொடுத்தார்கள்? இப்படியே ஒவ்வொரு படியாக இறங்கினால் கடைசிப் படியில் ஒரு ஐஸ் பெட்டி இருக்கிறது. அதற்குள் முகம் தெரியவில்லை. தெரியாமல் நானே பார்த்துக்கொள்கிறேன். ஏசி என் உச்சந்தலைக்கு நேரே ஊதுகிறது. யோசி, என்ஜினியர்தானே, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடி. அப்பாவுக்குப் போன வருஷம் மதுரையில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். கடைசியாகப் பேசும்போதுகூட இடது தோள்பட்டை ஒரு மாதிரி இழுக்குது, துணி அலசினதுல பிடிச்சிருச்சு போல, தைலம் தேய்ச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டு உடனே, நீ என்னத்தத் தின்ன என்று ஆரம்பித்துவிட்டாள். இன்னொன்றும் இருக்கிறது. இதுதான் கெட்டியான ஆதாரம். அம்மாவுக்கு ஏதாவது என்றால் எனக்கு யார் கூப்பிட்டிருப்பார்? அப்பா. ஊருக்கே கூப்பிடுகிறவர் சொந்தப் பிள்ளையைக் கூப்பிட மாட்டாரா? அவர் கூப்பிடவில்லை. மாமா கூப்பிட்டிருக்கிறார். ஏனென்றால் கூப்பிடுகிற ஆளால் கூப்பிட முடியவில்லை. ஏனென்றால் அக்காள் தாலி அறுத்து உட்கார்ந்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி எடுத்துக்கொண்டு தம்பிதான் வந்தாக வேண்டும். வாசலை மிதித்துத்தான் ஆக வேண்டும். கணக்கு ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. அப்பாதான்.

அப்பாதான் என்று விழுந்ததும் மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது. அதைக் கவனித்துவிட்டேன், கவனித்திருக்கக் கூடாது. நல்லவேளை அம்மா இல்லை. அப்படித்தான், இதே வார்த்தைகளில்தான் நினைத்தேன். நல்லவேளையாம். ஊரெல்லாம் போய் ஒருத்தன் அப்பன் செத்ததுக்கு நல்லவேளை என்று சொல்லிப் பார்க்கட்டும், செருப்பால் அடிப்பார்கள். ஆனால் நினைப்பை யார் அடிப்பது? அது பாட்டுக்கு மேலே மேலே போகிறது. அம்மாவை இங்கே கூட்டி வந்துவிடலாம், வேலை கிடைத்ததும். அம்மாவுக்கு இந்த ஊர் மீன் பிடிக்கும். அப்பா இருந்தால் வர மாட்டார், கடையை விட்டு வர மாட்டார். இப்போது அம்மா வரலாம். சீ. நாயே. அவர் உன்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து ஸ்கூலுக்குக் கொண்டு போனவர். பின்னாலிருந்து அவர் மூச்சு உன் உச்சந்தலையில் பட்டதை மறந்துவிட்டாயா? மறக்கவில்லை. இப்போதும் ஏசி காற்று அங்கேதான் படுகிறது. மொட்டையடிக்க வேண்டும். சிங்கப்பூர் வழியாகப் போனால் மதுரைக்கு நேராகப் போகலாம். போய் இறங்கும்போது அம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவாள், பொட்டில்லாமல். அந்த இடத்துக்கு வந்ததும் படம் நின்றுவிடுகிறது. அப்பாவை எங்கேயும் பார்க்க முடியவில்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டே இருக்கிற முதுகு மட்டும்தான் வருகிறது. அப்பா, திரும்புங்கப்பா. கண் எரிகிறது. வெய் ஜியே தூக்கத்தில் வாயைச் சப்புகிறான்.

"பசியாறலையா தம்பி?" என்று காதுக்குப் பக்கத்தில் தமிழ் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. மிஸ் புஷ்பலீலா. எங்களைக் காவல் காக்கும் பரீட்சை அலுவலர், இந்த ஊர்த் தமிழ். வரிசையாக வந்துகொண்டிருந்தவர் என் சாண்ட்விச்சைப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறார். "எல்லாரும் தின்னு முடிச்சிட்டாங்க. உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா? மூஞ்சிலாம் வெளுத்துப் போச்சே." ஒன்றுமில்லை மிஸ் என்றேன். அவர் போகவில்லை. குனிந்து குரலைத் தணித்தார். "வீட்டுல ஏதும் பிரச்சினையா? எமர்ஜென்சின்னா ரூல்ல எடம் இருக்கு தம்பி. நம்பர எழுதிக் குடுங்க, ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்றேன். உங்க பேப்பருக்கு ஒண்ணும் ஆவாது." எவ்வளவு சுலபம். ஒரு துண்டுத் தாள், ஒரு நம்பர். நான் இவ்வளவு நேரம் போன் இல்லையே, போன் இல்லையே என்று மருகியதெல்லாம் பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. போன் இல்லாததுதான் எனக்கு வசதி. இங்கிலாந்தில் அவர்கள் முதல் பக்கத்தைத் திருப்பும் வரை அங்கே அந்தக் கேள்வித்தாள் இன்னும் பிறக்கவில்லை. இந்த அறையில் நான் உட்கார்ந்திருக்கிற வரை அருப்புக்கோட்டையில் யாரும் சாகவில்லை. அப்பா கடையில் இருக்கிறார், அம்மா சோறு வடிக்கிறாள், கஞ்சி வாசம் வருகிறது. "ஒண்ணுமில்ல மிஸ். தல வலி." அவர் நிமிர்ந்தார். "சரி. வெறும் வயித்தோட ஒக்காராதீங்க" என்று சாண்ட்விச்சை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அதன் பிறகு நான் அந்த இங்கிலாந்துக் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளைப் பிடித்து நிறுத்த முடியாதா என்று பார்த்தேன். அங்கே பனி கொட்டட்டும், பஸ் ஓடாமல் போகட்டும், பரீட்சையை நாளைக்குத் தள்ளிவைக்கட்டும். மே மாதத்தில் என்ன பனி? மற்றவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டார்கள். மிஸ்ஸின் மேசையில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் கேட்டார், சிரித்தார், எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே கூச்சல். நாற்காலிகள் சரிந்தன. வெய் ஜியே என் முதுகில் ஓங்கி அடித்து, முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று ஆங்கிலத்தில் கத்தினான். தட்டைச் சுற்றிக் கூட்டம். நான் கடைசியாகப் போனேன். கடைசியாகக் கிடந்தது என்னுடையதுதான், மூலை உடைந்தது. பையைக் கிழித்து, என் இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. குருசாமி மாமா, குருசாமி மாமா, குருசாமி மாமா என்று வரிசையாக. அதற்குக் கீழே அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு. மாமா பூசி மெழுக மாட்டார். அதை அழுத்தினால் செத்ததைச் செத்ததென்று சொல்லிவிடுவார். அப்பாவிடமிருந்து ஒன்றும் இல்லை. தெரிந்ததுதானே. கட்டைவிரல் மறுபடியும் அதே இடத்தில் நின்றபோது போன் கைக்குள் அதிர்ந்தது. அப்பா என்று எழுத்து.

"அப்பா!" கத்திவிட்டேன். மிஸ் திரும்பிப் பார்த்தார். அப்பா போனிலிருந்து வேறு யாராவது பேசுகிறார்களோ என்று ஒரு கணம் உயிர் நின்றது. இல்லை, அவரேதான்.

"தம்பி. வெளிய விட்டுட்டாங்களா?"

"இப்பத்தான்ப்பா. இந்தா இப்பத்தான்." நான் சிரிக்கிறேன், கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது, இரண்டையும் துடைக்கவில்லை. இருக்கிறார். என் அப்பா இருக்கிறார். நாயே, இருக்கிறார் பார்.

"விடுற நேரம் தெரியும்ல, அதான் பாத்துட்டே இருந்தேன். பரீட்ச எழுதுறப்ப யாரும் கூப்பிடக் கூடாதுன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சேன். நல்லா எழுதிருக்கியா?"

"நல்லா எழுதிருக்கேன்ப்பா. முடிஞ்சிருச்சுப்பா." சொல்லும்போதே அவருக்குப் பின்னால் ஏதோ சத்தம். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடும் சத்தம். யாரோ தண்ணீர் கேன் எங்கே வைக்கட்டும் என்று கேட்கிறார்கள். போனை யாரும் பிடுங்கவில்லை. அம்மா பிடுங்கவில்லை.

நாற்காலிச் சத்தம் தள்ளிப் போனது, அப்பா ஓரமாக நடந்திருக்க வேண்டும். பிறகு பேசினார். குரல் நடுங்கவில்லை.

"சாப்பிட்டியா தம்பி?"

எதிரே சாண்ட்விச் பிரிக்காமல் இருந்தது. சாப்பிட்டேன் என்றால் அடுத்த வாக்கியம் வந்துவிடும். வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே நான் எத்தனையோ தடவை கேட்ட வாக்கியம்.

"இன்னும் இல்லப்பா."

"மொதல்ல சாப்பிடு. சாப்பிட்டுட்டு இதே நம்பருக்குக் கூப்பிடு" என்று அப்பா வைத்துவிட்டார்.

அறை காலியாகிவிட்டது. மிஸ் புஷ்பலீலா காலி டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார், என்னைப் பார்க்காத மாதிரி. நான் சாண்ட்விச்சைப் பிரித்து முதல் வாய் கடித்தேன். காய்ந்து போயிருந்தது. அள்ளி விழுங்காதடா, மென்னு தின்னு என்பாள். மென்று தின்கிறேன், அம்மா. மெதுவாகத்தான் தின்கிறேன். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.